வியாழக்கிழமை மூன்றரை மணி

தகரத்தை அடித்து வடிவாக்கும் பிரஸ் மெஷின்களோடு முப்பத்தோரு வருடம் இருந்தேன். அத்தனை வருடங்களில் என்னை அதிகம் வாட்டியது விபத்துகள் அல்ல, ஒரு மனிதன். பெயர் சுடலைமுத்து. அவன் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் பாதுகாப்பு வாரத்தின்போது எங்களைப் போன்ற பழைய ஆட்களைத் தொழிற்சாலைக்குக் கூப்பிடுகிறார்கள். சென்ற முறை புதிதாக வந்த பிரஸ் ஒன்றைக் காட்டினார்கள். அச்சுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடுகிறது. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். என் குடையை நீட்டிப் பார்த்தேன், நின்றது. ஓர் இளம் என்ஜினீயர், "இது இல்லாத காலத்தில் என்ன சார் செய்தீர்கள்?" என்று கேட்டார். "கையைக் கட்டி வைத்தோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எப்படிக் கட்டினோம், அதில் நான் என்ன செய்தேன் என்பதை அன்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பு, பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா பாலக்காட்டிலிருந்து வந்த ரயில்வே குமாஸ்தா. பம்பாயில் மாட்டுங்காவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பூரில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஒரு வருடம் கழித்து அரசாங்கத்தின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். "இங்கே பாதுகாப்பை யார் கவனிக்கிறார்கள்?" என்று கேட்டார். வொர்க்ஸ் மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் வேலை இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அன்று மாலையே நான் சேஃப்டி கிளார்க் ஆனேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே தொழிற்சாலைச் சட்டத்தைப் படித்து முடித்தேன்.

வொர்க்ஸ் மேனேஜர் பெஸ்தன்ஜி ஒரு பார்ஸி. ஐம்பது வயதிருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது புதிதாக பிரஸ்ஸில் உட்கார வந்தால் அவனை மெஷினுக்குக் கூட்டிப்போவார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அச்சுக்கு நடுவில் வைப்பார். தானே பெடலை மிதிப்பார். பென்சில் இரண்டாகும். ஒரு துண்டை அவன் கையில் கொடுப்பார். எதுவும் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி கழுத்து டையின் நுனியால் துடைத்துக்கொண்டே போய்விடுவார். அவருடைய பாராட்டும் அப்படித்தான், அளந்து வரும். பிடித்த தொழிலாளியை 'டிக்ரா' என்பார். அவர்கள் குஜராத்தியில் அதற்கு மகனே என்று அர்த்தம். என்னை எப்போதும் 'மிஸ்டர் மணி' என்றே கூப்பிட்டார்.

இப்போது கையைக் கட்டிய அந்தப் பட்டையைப் பற்றி. எங்களிடம் பன்னிரண்டு பிரஸ்கள் இருந்தன. பவுடர் டப்பா மூடிகளை அடிப்பவை. ஆபரேட்டர் ஒரு தகர வில்லையை அச்சில் வைத்துப் பெடலை மிதிப்பார். மேலே இருக்கும் இரும்புத் தலை இறங்கி அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது கால் மிதித்துவிட்டால் விரல் போய்விடும். அதனால் இரண்டு மணிக்கட்டிலும் தோல் பட்டை. பட்டையிலிருந்து மெஷினுக்குப் பின்னால் கம்பிக் கயிறு. தலை இறங்கும்போது கயிறு இழுபட்டுக் கைகளைப் பின்னுக்கு வாங்கிவிடும். ஆனால் எல்லாருடைய கையும் ஒரே நீளமில்லை. குட்டைக் கைக்குச் சரியாக வைத்த கயிற்றில் நீண்ட கைக்காரர் உட்கார்ந்தால் விரல் நுனி உள்ளேயே நிற்கும். ஆகவே ஷிப்ட் தொடங்கும்போது, மெஷின்களைச் சரிப்படுத்தித் தரும் செட்டர் ஒவ்வொருவருக்கும் கயிற்றைச் சரிசெய்ய வேண்டும். மோட்டாரை நிறுத்தி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித் தலையை இறக்க வேண்டும். ஆபரேட்டர் முடிந்த மட்டும் கையை நீட்ட வேண்டும். விரல் நுனிக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். இதை ஐந்து விதிகளாக எழுதி, ஆங்கிலத்திலும் மராத்தியிலும் டைப் செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். ஐந்தாவது விதி: குறை எது கண்டாலும் எழுத்தில், சனிக்கிழமைப் பாதுகாப்புக் கூட்டத்தில் வைக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்று முழுதும் படித்தார். நல்ல வேலை என்றார். நான் அன்று வீட்டுக்கு நடந்தே போயிருப்பேன், அவ்வளவு தெம்பு.

சுடலைமுத்து அந்த பிரஸ் ஷாப்பின் செட்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தாராவியில் குடித்தனம். என் வயதுதான். ஆங்கிலம் எழுதத் தெரியாது. தமிழில் கையெழுத்துப் போடுவான். சட்டம் மாட்டிய இரண்டாம் வாரம் வந்து நின்றான்.

"கார்டு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பீடி குடிக்கப் போறவன் கார்டப் பாத்துட்டா போறான்?"

"அதுக்கென்ன இப்போ?"

"இவன் எந்திரிச்சா அந்த எடத்துல அவன் உக்காருதான். பட்ட இவன் கைக்கு வச்சதுலா? ஒரு நாளைக்கு எத்தன தடவ மாறுதானுவன்னு நீங்க அங்க வந்து நின்னாத் தெரியும்."

"மாறக் கூடாதுன்னு எழுதிடறேன்."

"எழுதுங்க சார். மூத்திரம் வரக் கூடாதுன்னும் சேத்து எழுதிருங்க."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வாரத்தில் அவனே வழி கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு ஆபரேட்டரின் கையையும் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை சணலால் அளந்தான். அந்த அளவுக்குக் கயிற்றில், நீளத்தை நிறுத்தும் இரும்புப் பிடி வர வேண்டிய இடத்தில் கலர் நூல் சுற்றினான். நூல் தாராவியில் ஒரு தையற்கடையில் வாங்கியது. கங்காராம் என்ற ஆபரேட்டருக்குச் சிவப்பு, இன்னொருவனுக்குப் பச்சை, வேறொருவனுக்கு மஞ்சள். யார் வந்து உட்கார்ந்தாலும் பிடியைத் தன் கலருக்கு நகர்த்தினால் போதும். எழுத்துத் தெரிய வேண்டாம். அரை நிமிஷ வேலை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பெஸ்தன்ஜி அதைப் பார்த்த காலையில் நானும் அங்கே இருந்தேன். ஒவ்வொரு நூலாகத் தொட்டுப் பார்த்தார். சுடலைமுத்துவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பஹுத் அச்சா, டிக்ரா" என்றார். என்னோடு அவர் கைகுலுக்கியதில்லை. அதன்பின் வெளி ஆட்கள் வந்தால் நேரே கயிறுகளுக்குக் கூட்டிப்போனார். என் கண்ணாடிச் சட்டம் வழியில்தான் இருந்தது. நின்று காட்டினாரா என்று ஒவ்வொரு முறையும் கவனித்தேன். இரண்டு முறை நின்றார். அதில் ஒரு முறை, ஷூ நாடா அவிழ்ந்ததால்.

பொறாமை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். அவன் பேசும்போது அவர் தலையாட்டுவதை எண்ணுவேன். மதியம் அவன் எவர்சில்வர் தூக்கைத் திறந்து சாப்பிடும்போது, நாலு பேர் அவனைச் சுற்றி உட்காருவதைப் பார்ப்பேன். அவன் தவறே செய்ய மாட்டானா என்று காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பில் என் கண் கூர்மையாகிவிட்டது. அதற்குமுன் அந்த மெஷின்களை நான் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் பெஸ்தன்ஜி ஒரு கடிதம் சொல்லி என்னை எழுதச் சொன்னார். சேஃப்டி சூப்பர்வைசர் என்று புதுப் பதவி ஒன்று வருகிறது. அதற்குச் சுடலைமுத்துவைச் சிபாரிசு செய்கிறேன் என்று தலைமை அலுவலகத்துக்கு. அந்தப் பதவி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மூன்று பிரதி அடித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நன்றாக வந்திருக்கிறது, மிஸ்டர் மணி" என்றார்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. பம்பாய் மழையில் சுவரே வியர்க்கும். தோல் பட்டைகள் ஊறித் தளர்ந்தன. நூல் இருக்கும் இடம் மாறவில்லை, கயிறு நீளவில்லை, ஆனால் மணிக்கட்டில் பட்டை இறுக்கமாக இல்லாததால் கை முன்னைவிட உள்ளே போயிற்று. வெயில் காலத்தில் அளந்த அளவு அது. சுடலைமுத்து மழையை யோசிக்கவில்லை. நூல் வந்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். கலர் சரியென்றால் எல்லாம் சரி. அவர்கள் விட்டுவிட்டதைப் பார்த்தும் நான் தினம் பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, டீ நேரம், மோட்டார்கள் நின்றிருந்தன. ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் கங்காராம் பட்டையைக் கழற்றாமலே கிளாஸை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். சாதாரா பக்கத்து மராத்தியர், மான்குர்த்தில் வீடு, ஷாப்பிலேயே நீண்ட கை அவருடையது. "ஹாத் நீட்டுங்க" என்று எங்கள் கலப்பு பாஷையில் சொன்னேன். கையை நீட்டினார். சக்கரத்தை நான் சுற்றினேன். தலை இறங்கியது. விரல் நுனிக்கும் அச்சுக்கும் நடுவே என் சுண்டு விரல் நுழையவில்லை.

"டீக் ஹை நா, பாபு?" என்றார். சரிதானே என்று. குமாஸ்தாக்களை அங்கே பாபு என்பார்கள்.

"டீக் ஹை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பெஸ்தன்ஜியும் இருப்பார், சுடலைமுத்துவும் இருப்பான். அவன் நூல் மழைக்குத் தாங்காது என்பதை அவர்கள் எதிரில், எழுத்தில் வைக்க நினைத்தேன். விதியும் அதைத்தான் சொல்கிறது. ஐந்தாவது விதி, நானே எழுதியது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் குறிப்பை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "நேற்று, வியாழக்கிழமை, பிற்பகல் 3.30 மணிக்கு, ஏழாம் எண் பிரஸ்ஸில்" என்று தொடங்கி மூன்று வரி வந்திருந்தது. பிரஸ் ஷாப்பின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் நாள் முழுவதும் இருக்கும், காதுக்குத் தெரியாது. ஒவ்வொரு மெஷினாக நிற்கும்போதுதான் கேட்கும். பன்னிரண்டும் நின்றுவிட்டன. யாரும் கத்தவில்லை. நான் கதவைத் தாண்டியபோது சுடலைமுத்து தன் சட்டையைக் கழற்றிக் கங்காராமின் வலது கையைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்றிலும் முதல் கணு இல்லை. கங்காராம் முகத்தில் வலியைவிட வெட்கம் அதிகம் தெரிந்தது. "எந்திரிங்க அண்ணே, மேல பாருங்க, கையப் பாக்காதீங்க" என்று சுடலைமுத்து தமிழிலேயே சொல்லிக்கொண்டு அவரை டாக்ஸிக்கு நடத்திப் போனான். கங்காராமுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மேலேதான் பார்த்தார்.

நான் திரும்பி வந்து டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

சனிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அறிக்கையை நான் அடித்தேன். விசாரணை திங்கட்கிழமை என்று பதில் வந்தது.

ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுடலைமுத்து எனக்கு முன்பே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கங்காராம் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இவன் பைத்தியம் பாபு" என்று இந்தியில் சொன்னார். "தன் நூலால்தான் போச்சு என்கிறான். பட்டையில் குறை இல்லை. நீங்கள் வியாழக்கிழமை சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துச் சரி என்றீர்கள், இல்லையா? நான்தான் அவசரப்பட்டுக் கையைத் திணித்திருக்கிறேன்."

சுடலைமுத்து என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாத்தியளா சார்?"

"பார்த்தேன்" என்றேன்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவன் சுவரில் நெற்றியை வைத்து அழுதான். வெட்டுப்பட்ட விரல்கள் யாருடையவோ, ஆனால் துக்கம் முழுவதும் அவனுடையதாக இருந்தது. நான் பக்கத்தில் காய்ந்த கண்ணோடு நின்றேன். அந்த அழுகைமீதும் எனக்குப் பொறாமை வந்தது.

திங்கட்கிழமை பெஸ்தன்ஜியின் அறையில் நாங்கள் நாலு பேர்: இன்ஸ்பெக்டர், பெஸ்தன்ஜி, சுடலைமுத்து, குறிப்பெடுக்க நான். இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்விக்கே சுடலைமுத்து முந்திக்கொண்டான்.

"தப்பு என்னுது சாகேப். மழைய நான் யோசிக்கல. நூலக் கட்டுனது நான், பாக்காம விட்டதும் நான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். 'செட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினால் அவன் வேலை அன்றோடு சரி. புதுப் பதவி பற்றிப் பேச்சே இல்லை. பெஸ்தன்ஜி அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு தகப்பன் பார்ப்பது போல இருந்தது. விபத்துக்குப் பிறகும், வேலை போகப் போகிற நேரத்திலும், அந்தப் பார்வை அவனுக்குத்தான். நல்ல யோசனை அவனுடையது, கண்ணீர் அவனுடையது, குற்றத்தையும் அவனே வாங்கிக்கொண்டு போகிறான். என்னுடையது என்று சொல்ல அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேர்மையால் அந்தத் தாளை எடுத்தேன் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இல்லை. நடந்தது இதுதான்.

வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு வைத்திருந்த தாளை மேஜைமேல் விரித்தேன். பெஸ்தன்ஜி மூன்று வரியையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு நான் எங்கே இருந்தேன், மிஸ்டர் மணி?"

"இந்த அறையில், சார்."

"கதவு?"

"திறந்திருந்தது."

"கங்காராம் உங்களிடம் ஏதாவது கேட்டாரா?"

"சரிதானே என்று கேட்டார். சரி என்றேன்."

"ஏன்?"

"சனிக்கிழமைக் கூட்டத்தில் வைக்கலாம் என்று."

அவர் தாளை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே குழாயடியில் சுடலைமுத்து கை கழுவிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சார்" என்றான். "பட்டைய இறுக்கி நூல மாத்திக் கட்ட எனக்கு எவ்வளவு நேரம்?"

என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை நானே டைப் அடிக்க வேண்டாம் என்று பெஸ்தன்ஜி வேறொருவரிடம் கொடுத்து அடிக்கவைத்தார். அவருடைய இரக்கம் அப்படிப்பட்டது. பதிவேடு என் கையைவிட்டுப் போயிற்று. சுடலைமுத்துவுக்கும் ஒரு கண்டிப்பு வந்தது. அது முடிந்து ஆறு மாதத்தில் அவன் சூப்பர்வைசர் ஆனான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாததால் அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு. பதினான்கு வருடம் அதைச் செய்தேன். கங்காராம் கை ஆறி வந்து, பொருட்கள் அறையில் வேலை பார்த்தார். என்னைப் பார்த்தால் இடது கையால் சலாம் வைப்பார். அவரிடம் யாராவது எல்லாம் சொல்லியிருப்பார்கள். சலாம் நிற்கவில்லை.

சுடலைமுத்து சூப்பர்வைசரானதும் செய்த முதல் காரியம் என் ஐந்தாவது விதியை மாற்றியது. என் மேஜைக்கு எதிரில் நின்றபடியே சொன்னான்.

"எழுதுங்க சார். கொற எவன் கண்ணுல பட்டாலும், அவன் யாரா இருந்தாலும் சரி, அப்பமே மெஷின நிறுத்தணும். நிறுத்திட்டு வந்து சொல்லணும். எழுத்து கிழுத்தெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

'கிழுத்து' தவிர மற்றதை ஆங்கிலத்தில் அடித்தேன். சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விதி மாற்றப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு: இந்த மாற்றத்துக்குக் காரணமானவர் பெயர். அந்த இடம் வந்ததும் டைப்ரைட்டரை நிறுத்தி, "இங்கே யார் பெயர்?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாக இருந்திருக்காது.

"கங்காராமுன்னு போடுங்க சார்" என்றான், போகிற போக்கில்.

அடித்தேன். அந்தக் கட்டத்துக்காக அதுவரை என் மனதில் அவன் பெயர், என் பெயர் என இரண்டு பெயர்கள்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அது அவற்றில் ஒன்றல்ல.